ஊர் காத்த வெந்நீர்

பகல் முழுக்க மலைச்சரிவில் பனிச்சறுக்கு, பொழுது சாய்ந்ததும் திறந்தவெளித் தொட்டியில் ஆவி பறக்கும் வெந்நீர்க் குளியல், தலைமேல் உதிரும் பனி. ஜப்பானின் குளிர்கால விடுமுறை என்றால் சுற்றுலா விளம்பரங்கள் நம் முன் வைக்கும் காட்சி இதுதான். ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்ற தொனியும் கூடவே வரும். வெந்நீர் ஊற்றில் குளிப்பது உண்மையிலேயே பழையது. பனிச்சறுக்கு அங்கே வந்து நூற்றிருபது ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே விடுமுறையானது அதற்கும் பிந்தியது. இந்த இணைப்பு எப்படி நேர்ந்தது, எங்கே நிலைத்தது, எங்கே சரிந்தது என்று பார்த்தால், அதை மலையும் பனியும் மட்டும் செய்துவிடவில்லை என்பது தெரியும். முதலீட்டு நிறுவனங்களும் செய்துவிடவில்லை. வெந்நீரை ஊர்ப்பொதுவாக வைத்துக் காக்கத் தெரிந்த கிராமங்கள், அதே பழக்கத்தைப் பனிச்சரிவுக்கும் நீட்டிக்கொண்டன. அப்படி நீட்டிக்கொண்ட இடத்தில்தான் இந்த விடுமுறை ஆழமாக வேர் பிடித்தது என்பது என் வாதம்.

முதலில் பனியைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று, வெதுவெதுப்பான நீரோட்டம் பாயும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொன்ஷூ தீவின் நடு மலைத்தொடரில் முட்டி, கடலை நோக்கிய பக்கத்திலேயே அந்த ஈரம் முழுவதையும் பனியாகக் கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு அந்தப்புறம் இருக்கும் டோக்கியோவில் அதே நாளில் வானம் தெளிந்து வெயில் காயும். நீகாத்தா மாநிலத்தின் யுஸாவா போன்ற ஊர்களில் ஒரு பருவத்தில் விழும் பனியைக் கூட்டினால் பத்து மீட்டரைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. அங்கே வாழ்ந்தவர்களுக்கு இது அழகாகத் தெரியவில்லை. அந்தப் பகுதியின் ஷியோஸாவாவில் பிறந்த வணிகரும் எழுத்தாளருமான ஸுஸுகி பொகுஷி, 1837இல் முதற்பகுதி வெளியான தம் ‘ஹொகுஎட்சு ஸெப்பு’ நூலில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தார் பனியை ரசிக்கும் பொருளாக மட்டுமே அறிந்திருப்பதையும், பனிநாட்டார் அதனோடு மல்லுக்கட்டுவதையும் விரிவாக எழுதினார். கூரையிலிருந்து பனியை வாரித் தள்ளாவிட்டால் வீடு நொறுங்கும். வயலில் வேலை இல்லை. பின்னாளில் ஆண்கள் பலரும் குளிர்காலம் முழுக்கக் கூலிவேலைக்காக நகரம் போனார்கள்; வீட்டில் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் எஞ்சினர்.

வெந்நீர் ஊர்களின் நிலையும் எல்லா இடத்திலும் இன்று நாம் நினைப்பதுபோல் இல்லை. குன்மா மாநில மலைமேல் இருக்கும் குசாட்சு, எடோ காலத்திலேயே நாடறிந்த ஊற்று. ஆனால் பழைய நாள்காட்டியின் பத்தாம் மாதம் எட்டாம் தேதி வந்ததும் ஊரார் கடைகளையும் விடுதிகளையும் மூடிவிட்டுக் கீழேயுள்ள கிராமங்களுக்கு இறங்கிவிடுவார்கள். மறு ஆண்டு நான்காம் மாதம் எட்டாம் தேதிதான் திரும்ப ஏறுவார்கள். இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. இன்று குளிர்கால விடுமுறைக்கு முதலில் சொல்லப்படும் ஊர்களில் ஒன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் குளிர்காலத்தில் ஆளே இல்லாமல் கிடந்தது. இந்த ஒன்று போதும், தொன்மைக் கதையைத் தள்ளிவைக்க.

அப்படியானால் பழையது எது? ‘தோஜி’ எனப்படும் நீர்ச் சிகிச்சைதான். அறுவடை முடிந்து உடல் ஓய்ந்த குடியானவர்கள் அரிசியும் மிஸோ என்ற சோயா விழுதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊற்றூருக்குப் போய்த் தங்கினார்கள். தாங்களே சமைத்துக்கொண்டு, ஒரு நாளில் பல முறை குளித்து, ஏழு நாளை ஒரு சுற்றாகவும் மூன்று சுற்றை முழுச் சிகிச்சையாகவும் கணக்கிட்டார்கள். வாதம், வெட்டுக்காயம், தோல்நோய் என்று ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒருநாள் கேளிக்கையாக இல்லாமல் வாரக்கணக்கில் தங்கும் பழக்கமாக இது இருந்ததால், ஊற்றூர்களில் ஏழைக்கும் கட்டுப்படியாகும் தங்குமிடங்கள் வளர்ந்தன. விருந்தினரை வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஊர்களும் உருவாயின. பனிச்சறுக்கு பிற்பாடு வந்து இறங்கிய அடித்தளம் இதுவே.

இந்த நீர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இக்கட்டுரையின் நடுப்புள்ளி. நாகானோ மாநிலத்தின் நொஸாவா ஒன்சென் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே ஏறக்குறைய 3,500 பேர் வாழ்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் உள்ளன. தெருக்களில் 13 பொதுக் குளியலறைகள் உண்டு. இவை எந்த விடுதிக்கும் சொந்தமல்ல. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள வீடுகள் ‘யு-நகாமா’ என்ற குளியற்கூட்டாகச் சேர்ந்து, முறை வைத்துக் கழுவுகின்றன. மின்கட்டணத்தையும் பழுது பார்க்கும் செலவையும் பகிர்ந்துகொள்கின்றன. வெளியூர்க்காரருக்குக் கட்டணமில்லை, விரும்பினால் வாசலில் இருக்கும் பெட்டியில் காசு போடலாம். ஊர் நடுவே ‘ஓகாமா’ என்ற ஊற்று ஏறக்குறைய 90 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. அங்கே குளிக்க முடியாது. ஊர்ப் பெண்கள் நொஸாவானா கீரையையும் காய்கறிகளையும் முட்டையையும் அதில் வேகவைக்கிறார்கள். ஆபத்து கருதி வெளியூரார் உள்ளே வரத் தடை உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே ‘நொஸாவா-குமி’ என்ற ஊரமைப்பு இருக்கிறது. எடோ காலக் கிராமத்தின் வாரிசான அது ஊற்றுரிமையையும் பொது மலைக்காட்டையும் காக்கிறது. ஜனவரி 15 அன்று நடக்கும் புகழ்பெற்ற தோசோஜின் நெருப்புத் திருவிழாவில், 42 வயதும் 25 வயதும் ஆன ஆண்கள் பொறுப்பேற்று மரக்கோபுரம் கட்டி ஊராரின் நெருப்புத் தாக்குதலிலிருந்து அதைக் காப்பதும் இதே கூட்டுவாழ்வின் ஒரு முகம். காட்டு மரம் வெட்டுவது முதல் விழாச் செலவு வரை, கூடி முடிவெடுத்துப் பழகிய ஊர் இது.

பனிச்சறுக்கோ படைமுகாம் வழியாக வந்தது. 1902 ஜனவரியில் அவோமோரி அருகே ஹக்கோதா மலையில் பயிற்சிக்குப் போன 210 படைவீரர்களில் 199 பேர் பனிப்புயலில் மாண்டார்கள். பனியில் படை நகர்த்துவது பற்றிய அச்சம் ராணுவத்தில் ஆழப் பதிந்தது. 1911 ஜனவரி 12 அன்று, இன்றைய ஜோஎட்சு நகரின் பகுதியான தகாடாவில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மேஜர் தியோடோர் ஃபொன் லெர்ஹ் 58ஆம் காலாட்படைப் பிரிவினருக்கு ஒற்றைக் கோலூன்றிச் சறுக்கும் முறையைக் கற்பித்தார். அங்கிருந்த படைத்தளபதி நாகஓகா கைஷி, இக்கலை குடிமக்களிடமும் பரவ வேண்டும் என்று முனைந்தார். பரவியது. ஆனால் சறுக்குப் பலகையுடன் ரயிலேறிய மாணவர்களுக்குக் குளிர்காலத்தில் தங்க இடம் வேண்டும், நனைந்து விறைத்த உடலைச் சூடேற்ற வழி வேண்டும். இரண்டும் ஆயத்தமாக இருந்த இடங்கள் ஊற்றூர்களே. நொஸாவாவில் 1923இல் ஊரார் சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். 1930இல் ஆஸ்திரியாவின் பேராசான் ஹான்னெஸ் ஷ்னைடர் ஜப்பான் வந்தபோது இங்கேயும் சறுக்கிக் காட்டினார்; அவர் பெயரில் ஒரு சரிவு இன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினருக்காக ஷிகா மேட்டுநிலத்திலும் சப்போரோவிலும் முதல் லிஃப்டுகள் போடப்பட்டன. நொஸாவாவில் 1950இல் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அதை இயக்கியது அந்தக் கழகம்.

ரயில் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி. 1931இல் 9,702 மீட்டர் நீளமுள்ள ஷிமிஸு சுரங்கம் திறந்த பிறகே டோக்கியோவும் பனிநாடும் நேர்வழியில் இணைந்தன. அதுவரை நீகாத்தா போக மலையைச் சுற்ற வேண்டியிருந்தது. யசுனாரி கவாபாத்தா யுஸாவாவின் தகாஹான் விடுதியில் தங்கி எழுதிய ‘பனிநாடு’ நாவல் அந்தச் சுரங்கத்தைக் கடக்கும் ரயிலில்தான் தொடங்குகிறது. 1982இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததும் பயண நேரம் வெகுவாகச் சுருங்கியது. நகரத்துப் பணத்தை மலைக்கு ஏற்றியது ரயில் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ரயிலே எல்லாவற்றையும் முடிவுசெய்தது என்றால் யுஸாவா முன்னாலும் நொஸாவா பின்னாலும் இருந்திருக்க வேண்டும். நொஸாவா கிராமத்துக்குள் இன்றுவரை தண்டவாளம் வரவில்லை. பக்கத்து ஈயாமாவுக்கு ஷின்கான்சென் வந்ததே 2015இல்தான். ரயில் ஆட்களைக் கொண்டுவந்தது. வந்தவர்களால் கிடைத்த வருமானம் எங்கே தங்கியது என்பதை ஊரின் உடைமைமுறை முடிவுசெய்தது.

இந்த வேறுபாடு 1963க்குப் பிறகு கண்கூடாகிறது. நொஸாவாவில் லிஃப்டுகள் பெருகி, சறுக்குக்களத்தை நடத்துவது கழகத்தின் சக்திக்கு மீறிய வேலையானபோது, அதை வெளி நிறுவனத்துக்கு விற்காமல் கிராமத்திடமே ஒப்படைத்தார்கள். விற்றிருந்தால் கழகத்துக்குக் கைநிறையக் கிடைத்திருக்கும். கழகம் பந்தயமும் பயிற்சியும் பார்த்துக்கொண்டது. கிராமம் லிஃப்ட் வருவாயைப் பெற்றது. குளிர்காலக் கூலிக்காக வெளியூர் போக வேண்டியிருந்த ஆண்களுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது. பள்ளிப்பிள்ளைகள் சறுக்குக் களத்தில் வளர்ந்தார்கள். 1992இலும் 1994இலும் ஒலிம்பிக் நார்டிக் கூட்டுப் போட்டியின் குழுப்பிரிவில் தங்கம் வென்ற டகனோரி கோனோ இந்த ஊர்க்காரர். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் பயத்லான் போட்டிகளும் இங்கேதான் நடந்தன.

யுஸாவாவின் கதை வேறு. 1987இல் ஓய்விடப் பகுதிகளை வளர்க்கும் சட்டம் வந்தது. முதலீட்டுக்குச் சலுகைகள் குவிந்தன. அதே ஆண்டு வெளியான ‘என்னைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போ’ என்ற திரைப்படம் இளைஞர்களைப் பித்தாக்கியது. 1990 டிசம்பரில் ஷின்கான்சென் நிலையத்திலிருந்தே மலையேறும் காலா யுஸாவா களம் திறந்தது. 1990களில் உச்ச ஆண்டில் சறுக்கியவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்தைத் தொட்டார்கள். சுமார் எட்டாயிரம் பேர் வாழும் யுஸாவாவில், ஐம்பதுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறக்குறைய 15,000 விடுமுறை வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு கட்டடத்திலும் தனிக் குளியல் தொட்டி இருந்ததால், வாங்கியவர் ஊருக்குள் கால் வைக்கவே தேவையில்லை. பொருளாதாரக் குமிழி உடைந்தது. சறுக்குவோர் எண்ணிக்கை மெல்ல மெல்லக் கால்பங்காகச் சுருங்கியது. கோடிக்கணக்கான யென் பெறுமான வீடுகள் கட்டிய அதே ஊரில் ஒரு லட்சம் யென்னுக்கு வீடு விற்பனைக்கு வந்தது. பராமரிப்புக் கட்டணமும் வரியும் பாக்கி விழுந்தன. சிக்கல் பனியிலும் இல்லை, வெந்நீரிலும் இல்லை. பனியையும் வெந்நீரையும் ஊர் வாழ்விலிருந்து கழற்றித் தனித்தனி அறைகளாக விற்றதில்தான் சிக்கல்.

இங்கே இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலா யுஸாவா இன்றும் நன்றாக ஓடுகிறதே, ஹொக்கைடோவின் நிசெகோவில் வெளிநாட்டு முதலீடு பெரும் செழிப்பைக் கொண்டுவந்ததே என்பது ஒன்று. காலா ஓடுவது உண்மை. டோக்கியோக்காரர் காலையில் வந்து மாலையில் திரும்பும் களம் அது. வெந்நீர் ஊரில் தங்கும் பழைய விடுமுறையைக் காக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. நிசெகோவில் ஆஸ்திரேலியர்கள் தொடங்கிவைத்த அலை, நிலவிலை உயர்வில் அந்தப் பகுதியை நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுபோனது; அங்கே வேலை செய்பவர்கள் வீடு தேடித் திண்டாடும் நிலையும் கூடவே வந்தது. இருபது ஆண்டு ஏற்றத்தை வைத்து வெற்றி என்று எழுதிவிட நான் தயங்குகிறேன்; யுஸாவாவும் 1990இல் வெற்றியாகவே தோன்றியது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஊர்ப்பொது என்பது ஊராருக்கு மட்டுமே பொது. புதிதாகக் குடியேறியவருக்கு எளிதில் இடமில்லை, முறை தவறினால் முகச்சுளிப்பைப் பார்க்க வேண்டும், பழைய குடும்பங்களின் சொல்லே எடுபடும். இதில் உண்மை இருக்கிறது. பொதுச்சொத்து என்றாலே சமத்துவம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பொறுப்பில்லாத உரிமையை அந்த ஏற்பாடு யாருக்கும் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யுஸாவாவில் வீடு வாங்கியவருக்குச் சாவி கிடைத்தது. ஊர்க்கடமை எதுவும் வரவில்லை. நொஸாவாவில் குளியலறையில் பங்கு வேண்டுமென்றால் துடைப்பத்தையும் எடுக்க வேண்டும். சரிவுக் காலத்தில் எந்த ஊர் தன்னைக் கவனித்துக்கொள்ளும் என்பதை இது தீர்மானித்தது. சறுக்குவோர் குறைந்து கடன் ஏறியபோது நொஸாவாவும் தடுமாறியது. 2005இல் களத்தை நடத்த ஊரைச் சார்ந்த ஒரு நிறுவனத்தை அமைத்தார்களே தவிர, மலையைக் கைமாற்றவில்லை. பக்கத்து நகரங்களோடு கிராமங்களை இணைக்கும் அலை நாடு முழுக்க அடித்த அதே ஆண்டுகளில் நொஸாவா தனிக் கிராமமாகவே நின்றது.

இப்போது ஊர்த்தெருக்களில் வெளிநாட்டார் கூட்டம் அதிகம். பழைய விடுதிகளை வெளியார் வாங்குகிறார்கள். யு-நகாமா வீடுகளில் முதுமை கூடிவருகிறது. நூறாண்டாக நின்ற ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை இதுதான். குளிர்கால விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நொஸாவாவின் பொதுக் குளியலறைக்குள் நுழையும் முன் பெட்டியில் காசு போடுங்கள், தொட்டியில் இறங்குமுன் உடலை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், போகும்போது வாளியையும் முக்காலியையும் எடுத்த இடத்தில் வையுங்கள். அடுத்த நாள் காலை அந்த இடத்தைக் கழுவப்போவது சம்பளத்துக்கு வைத்த ஆள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்.