பெட்டியடியில் கிடக்கும் சிறு காமிராக்கள்

தூத்துக்குடியில் கடலை ஒட்டிக் கிடக்கும் திரேஸ்புரம் சங்கு குளிப்போரின் ஊர். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்த பின்னரும் சங்கு அவர்களைக் கைவிடவில்லை. இக்கரையின் பழைய தோற்றத்தைத் தேடுவோர், ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலுக்குத்தான் போய்ச் சேருவர். அதில் நிழற்படங்கள் உண்டு. ஆயினும் அவை அதிகாரி ஒருவர் வெளியே நின்று பார்த்த பார்வை. குளியாளி தன் மனைவி மக்களோடு பெருநாளன்று நின்ற படத்தை அரசாங்க நூலில் தேடிப் பயனில்லை. அப்படி ஒன்று இருந்தால், அது பேரன் வீட்டுத் தகரப் பெட்டியில், என்ன அளவென்றே எவருக்கும் விளங்காத ஒரு பிலிம் துண்டாக இருக்கும். பழைய சிறு காமிராக்களைச் சேகரிப்பதை வெறும் பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்காதது இதனால்தான்.

காமிராவின் அடிப்படை நம் முன்னோர்க்கு அந்நியமானதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 11ஆம் நூற்றாண்டில் மறைந்த இப்னுல் ஹைதம், சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியை ஆராய்ந்து எழுதிவைத்தார். 1880இல் ஹஜ் பயணத்தின்போது மக்காவைப் படம் பிடித்தவரும் எகிப்தியரான முஹம்மது ஸாதிக் பேதான். உருவப்படம் கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. அதற்குள் நாம் புகவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்றானபின், மறுத்த வீடுகளிலும் ஒரு படமாவது புகுந்துவிட்டது.

இனி அளவுகளின் கதைக்கு வருவோம். 35 மில்லிமீட்டர்ச் சுருள் உலகெங்கும் வழங்கியபோதும், கோடக் நிறுவனம் புதுப்புது அளவுகளைப் புகுத்திக்கொண்டே இருந்தது. காமிராவை மலிவாகக் கொடுத்துச் சுருளில் இலாபம் காண்பது அதன் வணிகமுறை. சட்டைப் பைக்குள் அடங்கும் காமிராவுக்காக 1912இல் 127ஆம் எண் சுருள் வந்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் போர்முனைக்கு எடுத்துச் சென்றது அந்தக் காமிராவைத்தான். 1930களில் வந்த 620ஆம் எண் சுருளோ வேடிக்கையானது: பிலிம் 120ஆம் எண்ணின் அதே அகலம், சுற்றிய கட்டை மட்டும் மெலிவு. வேறு சுருள் அதில் பொருந்தக்கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் நமக்குத் தெரியவில்லை. 1963இல் சதுரப் படம் தரும் 126, 1972இல் விரலகலச் சுருளுடைய 110, 1982இல் வட்டத் தகட்டில் 15 படம் பதியும் டிஸ்க் என்று வரிசை நீண்டது. டிஸ்க்கின் நெகடிவ் ஏறத்தாழ 8க்கு 10 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் முகம் மணல்மணலாகச் சிதறும். ஜப்பானிய ஒலிம்பஸ் பென் மட்டும் 1959இல் ஏழைக்கு இரங்கியது. வழக்கமான சுருளிலேயே பாதியளவாக, 36 படத்துக்கு 72 படம் எடுத்துக் கொடுத்தது.

நம் நாட்டில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. இங்கேயே செய்யப்பட்ட அக்பா கிளிக் 3 காமிரா, எங்கும் கிடைத்த 120ஆம் எண் சுருளில் 12 படம் எடுக்கும். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, இந்து என்ற பெயரில் சுருள் விற்றது. இன்று அந்த ஆலையும் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், பின்னர் வளைகுடாவிலிருந்தும் திரும்பிய நம்மவர் பெட்டியில் 126உம் 110உம் வந்தன. கொண்டுவந்த நாலைந்து சுருள் தீர்ந்ததும் அவற்றுக்கு இங்கே சுருள் கிடைப்பது அரிதாயிற்று. காமிரா பெட்டியடிக்குப் போயிற்று.

மும்பையின் திலீஷ் பாரேக் 4,425 பழங்காமிராக்கள் சேர்த்துக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். அவ்வளவு சேர்க்க எல்லாராலும் இயலாது; தேவையும் இல்லை. நம் வீட்டு நெகடிவ் எந்தக் காமிராவினது என்று அறிந்தால் போதும். அதற்கு ஓர் அடிக்கோல் போதுமானது. அகலம் 46 மில்லிமீட்டர் என்றால் 127. 16 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 110. 35 மில்லிமீட்டர் அகலத்தில், படத்துக்கு ஒரே ஒரு துளை இருந்தால் 126. அச்சிடும் கடைக்காரர் தம் கருவியில் நுழையவில்லை என்று திருப்பித் தந்தால் நெகடிவை எறிந்துவிட வேண்டாம். ஒளிப்பலகையில் வைத்து ஸ்கேன் செய்தால் எந்த அளவும் படமாகும்.

கடற்காற்று காமிராவின் பகைவன். உப்பு திருகாணிகளைத் தின்னும். ஈரம் லென்சில் பூஞ்சையைச் சிலந்தி வலைபோலப் படரவிடும். தோலுறையை முதலில் அகற்ற வேண்டும், ஏனெனில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுவே. காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம்.

முதுகுப் பக்கத்தை மட்டும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. உள்ளே பாதி எடுத்த சுருள் கிடக்கலாம். வண்ணச் சுருளாக இருந்து அதைக் கழுவும் பழைய முறை வழக்கொழிந்து போயிருந்தாலும், இருட்டறையில் கறுப்பு வெள்ளை இரசாயனத்தில் கழுவினால், ஐம்பது ஆண்டு கழித்தும் மங்கலாகவேனும் உருவம் எழுவதுண்டு.