வேலையிழப்பும் வீட்டின் மானமும்



பாசிக்குடாக் கடலை ஒருமுறை கண்டவர்கள் அதன் அமைதியை எளிதில் மறப்பதில்லை. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்துக் கல்குடாவோடு இணைந்து கிடக்கும் அந்தக் குடாவில், கரையிலிருந்து நெடுந்தூரம் வரை ஆழமற்ற நீரில் நடந்து செல்லலாம். குழந்தைகளும் அஞ்சாமல் இறங்கும் கடல் அது. ஆயினும், 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கரையில் நான் கண்ட அமைதி வேறு வகையினது. விடுதிகளின் வாயில்கள் சாத்தியிருந்தன. படகுகள் மணலில் கவிழ்த்துக் கிடந்தன. இளநீர் விற்பவரையும் காணவில்லை.

ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டில் நிகழ்ந்த கொடுமையை நேயர்கள் அறிவீர்கள். மட்டக்களப்பிலே சீயோன் தேவாலயத்தில் பச்சிளங் குழந்தைகளும் மாண்டனர். அத்துயரத்தின் பின்னே இன்னொரு துயரம் ஓசையின்றி வந்தது. 2018 மே மாதத்தில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 129,466 பேர். 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர் மட்டுமே. ஒரு விடுதி மூடினால் சமையற்காரருக்கும் அறை துப்புரவு செய்பவருக்கும் மட்டுமா வேலை போகிறது? மீன் கொடுத்தவர், மரக்கறி கொடுத்தவர், துணி வெளுத்தவர், முச்சக்கர வண்டி ஓட்டியவர் ஆகிய எல்லார் வீட்டு அடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தணிகிறது. சற்றே மூச்சு விடுமுன், 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் விமான நிலையங்களும் மூடப்பட்டன. 2018 இல் 23 இலட்சத்துக்கு மேல் வந்த பயணிகள், 2021 இல் இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை.

வேலை இழத்தல் என்பதைப் பலரும் ஒரு தனி மனிதனின் குறைபாடாகவே எண்ணுகிறார்கள். இழந்தவனும் அவ்வாறே எண்ணி மனம் குமைகிறான். அந்த எண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே எனது இன்றைய நோக்கம்.

பாசிக்குடாவுக்கு அண்மையிலேயே இதற்கொரு சான்று நிற்கிறது. அதுதான் வாழைச்சேனைக் காகித ஆலை. சுதந்திரத்துக்குப் பின் அமைந்த முதல் அரசாங்கத்தில் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது, காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனப் பொருள், வாழைச்சேனையில் காகிதம் என்று தொழிற்சாலைகளுக்கு வித்திடப்பட்டது. வாழைச்சேனை ஆலை 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் சிறப்பு என்னவெனில், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் வைக்கோலே அங்கு மூலப்பொருளாயிற்று. மாட்டுக்குப் போட்டது போக எரித்துச் சாம்பலாக்கிய பொருளுக்கு விலை கிடைத்தது. நெல்லை விளைவித்த உழவன் வீட்டுப் பிள்ளை, அந்த நெல்லின் தாளிலிருந்து பிறந்த கடதாசியில் எழுதப் பழகியது. நான் சிறுவனாய் இருந்த காலத்துக் கொப்பிகளில், மங்கிய நிறமும் மை சற்றே ஊறும் தன்மையும் கொண்ட தாள்களை இன்றும் நினைவுகூர்கிறேன். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவ்வாலையில் அருகருகே நின்று உழைத்தார்கள்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 1977 க்குப் பின் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. வெளிநாட்டுக் கடதாசி தடையின்றி வந்தது. 1978 நவம்பரில் பெரும் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. அதன்பின் போர் மூண்டது. இயந்திரங்கள் பழமையடைந்தன. ஆலையின் கழிவு நீர் வாவியிற் கலந்து மீனவருக்கும் கேடு விளைத்தது. உற்பத்தி சுருங்கிற்று, ஊழியர் தொகை குறைந்தது, இறுதியில் இயந்திரங்கள் நின்றன. ஆலையை மீட்டெடுக்கும் முயற்சிகள் பிற்காலத்தில் நடைபெற்றபோதிலும், பழைய ஆரவாரம் திரும்பவில்லை. நேயர்களே, இக்காரணங்களுள் எது அங்கே வைக்கோல் சுமந்தவனின் குற்றம்? எது காகிதச் சுருளை உருட்டியவனின் குற்றம்? ஒன்றுமே இல்லை. ஆயினும், வெறுங்கையோடு வீடு திரும்பி, மனைவி மக்கள் முன் தலைகுனிந்து நின்றவன் அவன்தான்.

இத் தலைகுனிவு நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியா நாட்டிலே, வியன்னா நகருக்கு அண்மையில், மரியன்தால் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர் முழுவதும் ஒரேயொரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவ்வாலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்னும் அம்மையாரும், போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்போரும் அவ்வூருக்குச் சென்று, மக்களின் நிலையை ஆராய்ந்து, 1933 இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று, ஆசிரியனாகிய என் மனத்தை மிகவும் தொட்டது. வேலையில்லாதவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஆகவே நூலகத்தில் அதிகம் வாசித்திருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு நேர்மாறானது. நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை 1929 க்கும் 1931 க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆடவர் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களோ முன்போலவே விரைந்து நடந்தார்கள். ஏனெனில் வீட்டு வேலை அவர்களை விட்டபாடில்லை. வேலை போகும்போது வருமானம் மட்டும் போவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கும், மனிதனுக்கு ஒரு மதிப்பும், பேசிப் பழக நாலு பேரும் சேர்ந்தே போகின்றன என்பதை அவ்வாராய்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

நிற்க. மரியன்தாலில் கண்டதை நான் என் பாடசாலையின் வாயிலிலேயே கண்டேன். 2019 ஆம் ஆண்டில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் பின்வாங்கலானான். அழைத்து விசாரித்தேன். நெடுநேரம் மௌனமாய் நின்று, பின்பு சொன்னான்: "சேர், அப்பா வேலைக்குப் போறதில்லை. போறதாச் சொல்லிப்போட்டு ஆத்தடியிலதான் இருக்கிறார். நான் கண்டனான். அம்மாவுக்குச் சொல்லயில்லை." விடுதியொன்றில் சமையல் உதவியாளராய் இருந்த அத்தந்தை, விடுதி மூடிய பின்னும் மூன்று வாரங்களாகக் காலையில் சோற்றுப் பொதியுடன் புறப்பட்டு, மாலையில் திரும்பி வந்திருக்கிறார். வீட்டுச் செலவுக்கோ, வாராவாரம் கட்டவேண்டிய நுண்கடனை வாங்கியிருக்கிறார்.

அவரை அழைத்துப் பேசினேன். அவர் கூறிய காரணம் நம் பகுதிக்கே உரியது. மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாய்ப் போவது. ஆண் மணமுடித்து மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்கிறான். "உழைக்காமல் அவட வீட்டில இருந்து எப்பிடிச் சேர் சாப்பிடுறது?" என்று கேட்டார். நம் முன்னோர் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்தது, எத்தனை இடர் வந்தாலும் குடும்பத்தின் தலைக்குமேல் கூரை நிலைக்கவேண்டும் என்பதற்காக அல்லவா? காப்பாக அமைந்த வழக்கத்தை அவர் மானக்கேடாகக் கருதினார். அன்று மாலையே வீட்டில் உண்மையைச் சொல்லும்படி வற்புறுத்தினேன். சொன்னார். மனைவி கோபித்தது வேலை போனதற்காக அன்று. மூன்று வாரம் மறைத்ததற்காகவும், மறைத்து வாங்கிய கடனுக்காகவுமே.

வேலை இழந்தவன் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே அழகிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1947 ஆம் ஆண்டில் இலங்கையில் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அரசாங்க எழுதுவினைஞரும் அதில் ஈடுபட்டனர். ஜூன் 5 ஆம் நாள் கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டபோது, கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர் உயிர் துறந்தார். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராய் இருந்த ரி. பி. இலங்கரத்தின வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் முடங்கிவிடவில்லை. அரசியலில் இறங்கினார், நாவலும் எழுதினார். 1956 இல் அமைந்த அரசாங்கத்தில் அவரே தொழில் அமைச்சரானார். அவர் காலத்திலேதான் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. வேலை பறிக்கப்பட்ட ஓர் எழுதுவினைஞர், தனியார் துறைத் தொழிலாளர் அனைவரின் முதுமைக்கும் ஒரு சேமிப்பை ஏற்படுத்திக் கொடுத்தார்!

அதனைத் தொடர்ந்து வேறு காப்புகளும் வந்தன. அவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஒருவரை நீக்குவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறவேண்டும். ஆதலால், வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையொப்பம் இடாதீர்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, அத்தகைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, சேவை செய்த ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. 40,000 ரூபா சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு அது 160,000 ரூபா ஆகும்.

சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துகின்றனர். அது முதுமைக்கான நிதி. பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே பெறலாம். 1980 இல் உருவான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்துகிறார். வேலையை விட்டு விலகியோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் பெற இடமுண்டு. முதலாளி இவற்றை ஒழுங்காகச் செலுத்தினாரா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். குறை இருப்பின் தொழில் அலுவலகத்தை நாடுங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு. வெட்கத்தினால் நாளைக் கடத்தினால் உரிமையும் கடந்துவிடும். இவை பிச்சையல்ல, உழைத்து ஈட்டிய சொத்து.

இனி வீட்டுக் கணக்கு. வேலை போன முதல் வாரத்திலேயே கணவனும் மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, கையில் உள்ளது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். உணவு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றும் முதல் வரிசையில் நிற்கட்டும். கடன் கொடுத்தவரிடம் தவணை தவறுமுன்னரே சென்று நிலைமையைக் கூறுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். அது குழியை மூட அதனருகே பெரிய குழி வெட்டுவதை ஒக்கும். சுற்றத்தார்க்கும் ஒரு சொல்: வேலையிழந்தவரைக் காணும்போதெல்லாம் "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்பதை விடுத்து, எங்கே வேலை இருக்கிறது என்று அறிந்து வந்து சொல்லுங்கள்.

வேலை கிடைக்கும்வரை நாளை ஒழுங்கின்றிக் கழிய விடலாகாது. நான் கூறிய அத்தந்தை, கணக்கு எழுதிய மறுவாரமே தன் மாமனாரின் தோணியில் வாவிக்கு இறங்கினார். பெரும்போகக் காலத்தில் வயல் வேலைக்குச் சென்றார். மனைவி விடியற்காலையில் இடியப்பம் அவித்தார். மகன் பாடசாலைக்கு வருமுன் அதனைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தான். வாராந்தக் கடனை அடைக்க அவர்களுக்கு ஒன்றரை ஆண்டு சென்றது. எளிதாக நடந்தது என்று நான் கூறமாட்டேன். காதிலிருந்த தோடு அடைவுக்குப் போய்த் திரும்பாமலே போயிற்று. ஆனால் மகனின் படிப்பு நிற்கவில்லை.

2024 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. பாசிக்குடாவில் விளக்குகள் எரிகின்றன. அத்தந்தையும் விடுதி அடுக்களைக்குத் திரும்பிவிட்டார். எனினும், விடுமுறை நாட்களில் தோணியில் செல்வதை அவர் விடவில்லை. ஒரு காலில் நிற்பது எத்தனை ஆபத்து என்பதை அவர் கற்றுக்கொண்டார். சூறாவளி, போர், கடற்கோள், குண்டு, தொற்று என்று ஐம்பது ஆண்டுகளுக்குள் இத்தனையையும் கண்ட நம் மாவட்டத்தார் எல்லோரும் கற்கவேண்டிய பாடமும் அதுவே.

நேயர்களே, இதனைக் கேட்டுக்கொண்டிருப்போருள் எவரேனும் வேலையை இழந்து, வீட்டில் இன்னும் சொல்லாமல் இருந்தால், அவருக்கு நான் ஒன்று கூறுவேன். காரணத்தை வரலாற்றில் தேடுங்கள், உங்கள்மீது சுமத்திக்கொள்ளாதீர்கள். இன்றிரவு உணவருந்தும் வேளையில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வேலை போனதால் வீட்டின் மானம் போவதில்லை.