டொக்டருக்குப் பாடம் சொன்ன கைவினைஞர்



யுத்தம் எடுத்த கால்களை நமது மாவட்டம் பார்த்திருக்கிறது. இப்போது சீனி வருத்தம் எடுக்கிறது. செயற்கைக் கால் பூட்டியவர் ஜும்ஆவுக்கு வந்தால் நாம் ஸலாம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தக் காலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1960களில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். ஆஸ்பத்திரியில் பி.கே. சேத்தி என்ற எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தவர். மேல்நாட்டு முறையில் செய்த கால்களை வாங்கிப் போன நோயாளிகள், கொஞ்ச நாளில் அவற்றை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுடன் திரிவதைக் கண்டார். காரணம் எளிது. அந்தக் கால் சப்பாத்துக்குள் இருக்கவேண்டிய கால். அதை வைத்துக் குந்த முடியாது, சம்மணம் கட்ட முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அத்தஹிய்யாத்தில் எப்படி இருப்பது? கரைவலை இழுக்க எப்படி ஈர மணலில் நிற்பது?

அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தவர் ராம் சந்திர சர்மா. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, கைவேலையில் மன்னன். ஒருநாள் சைக்கிள் டயரில் காற்றுப் போய்க் கடைக்குப் போனார். அங்கே லொறி டயருக்குப் புது இறப்பர் ஒட்டுவதைப் பார்த்ததும், கால் பாதத்தையும் இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியது என்பார்கள். முதலில் செய்த முழு இறப்பர் பாதம் பாரம் கூடிப்போனது. பிறகு குதியிலும் விரல் பக்கத்திலும் பஞ்சு போன்ற இறப்பர், கணுக்காலில் மரம், எல்லாவற்றையும் மூடி இறப்பர், அச்சில் வைத்துச் சூடு. மூட்டு எப்படித் திரும்பவேண்டும் என்று சேத்திக்குத் தெரியும். எந்தப் பொருள் எப்படி வளையும் என்று சர்மாவுக்குத் தெரியும். 1968இல் ஜெய்ப்பூர் கால் பிறந்தது. வெறுங்காலோடு நடக்கலாம், தண்ணீரில் இறங்கலாம், குந்தலாம்.

எஃப்.ஆர்.சி.எஸ். படித்தவர் ஒரு கைவினைஞரிடம் பாடம் கேட்டது சின்ன விஷயமல்ல. ஆனால் 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயர் பலருக்கு இன்றும் தெரியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதே 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் கால் இழந்த நடனக்காரி சுதா சந்திரன், இந்தக் காலோடு 1984இல் மறுபடி மேடையேறினார். இடைப்பட்ட வருடங்கள் முழுக்கப் பயிற்சிதான்.

இலங்கைக்கு இது 1985இல் கொழும்புக்கும், 1987இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இத்தகைய நிலையங்களில் கால் இழந்தவர்களே கால் செய்பவர்களாகவும் இருப்பதுண்டு. புதிதாக வருபவருக்கு அவர்கள் நடந்து காட்டுவதை விட வேறென்ன பாடம் வேண்டும்?

ஆனால் கால் வந்தால் மட்டும் போதாது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு நாம் பாசத்தில் தலையணை முட்டுக் கொடுக்கிறோம். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும்; பிறகு எந்தக் காலும் சரியாகப் பொருந்தாது. காலை நீட்டி வைப்பது, மிச்சக் காலுக்கு முறையாகத் துணி சுற்றுவது, தொடைத் தசைக்குப் பயிற்சி, இதெல்லாம் பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள். வீட்டில் யாருக்காவது கால் எடுத்திருந்தால் அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த கிளினிக் நாளில் பிசியோதெரபிக்கும் கூட்டிப் போங்கள்.