மூன்று கோடுகள் சுற்றிய உலகம்

1924 மே 16. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், தன் மேலதிகாரி ஜார்ஜ் எட்வர்ட்ஸிடம் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தார். அதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் படம். கன்ட்ரோல் சார்ட் என்னும் தரக் கட்டுப்பாட்டுத் தாள் பிறந்தது அப்போதுதான்.

சிகாகோ அருகே அந்நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை டெலிபோன் சாமான்கள் செய்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் புதைத்த கருவி பழுதானால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அன்று தரம் என்றால், செய்து முடித்ததைச் சோதித்துக் கெட்டதை ஒதுக்குவது. அளவு சற்றுப் பிசகினால் உடனே இயந்திரத்தைத் திருகுவது.

ஒரே மாவு, ஒரே கரண்டி, ஒரே கை. இரண்டு தோசை ஒரே அளவில் வருவதில்லை. ஆலைப் பொருளும் அப்படித்தான். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தூரம் இயல்பு என்று கணக்கிட்டு, சராசரிக்கு ஒரு நடுக்கோடும் மேலும் கீழும் எல்லைக்கோடுகளும் போட்டார் ஷூஹார்ட். புள்ளி எல்லை தாண்டினால் காரணத்தைத் தேடு: தேய்ந்த உளியா, புதிதாக வந்த உலோகமா? எல்லைக்குள் தாறுமாறாக அலைந்தால் கை வைக்காதே; வைத்தால் இன்னும் மோசமாகும். அப்படியும் பிழை மிகுந்தால் மாற்ற வேண்டியது ஆலையின் ஏற்பாட்டை. அது தொழிலாளி கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில். இந்தத் தாளில் நிர்வாகிகளுக்குக் கசக்கும் பகுதி இதுதான் என்பேன்.

இரண்டாம் உலகப்போரில் ஆயுத ஆலைகளுக்கு இம்முறையைக் கற்பித்தார்கள். போர் முடிந்ததும், செய்ததெல்லாம் விற்ற அமெரிக்காவில் அதைச் சீந்துவார் குறைந்தனர். 1950இல் ஷூஹார்ட்டின் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங், அதை ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் விளக்கினார். அச்சான சொற்பொழிவுக்கு உரிய தொகையை அவர் வாங்கவில்லை. மறு ஆண்டு தொடங்கிய, தரத்துக்கான டெமிங் பரிசுக்கு அதுவே விதை. 1980இல் ஜப்பானைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கா தன் கிழவரைத் தேடியது. ஃபோர்டு அவரை அழைத்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், இத்தாள் ஜப்பானின் அந்த வகுப்புகளுக்கு முன்பே இந்தியா வந்துவிட்டது. 1947-48இல் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட்டே கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். ஆனால் ஸ்கூட்டருக்குப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில், தரத்தைப் பற்றிக் கவலைப்பட எந்த ஆலைக்கு என்ன அவசரம்? 1991இல் சந்தை திறந்தது. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு வென்றது 1998இல். இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.