காணி ஒருவருக்கு, புறம்போக்கு ஒருவருக்கு



செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களுக்குக் கல்யாண மகாலைக் காட்டுவார்கள், ராஜா தேசிங்கு கதையைச் சொல்வார்கள். நான் உங்களை நெற்களஞ்சியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வேன். அதை நிரப்பிய நெல்லை விளைவித்தவர்கள் அரசாங்கக் கணக்கில் எந்தச் சொல்லால் எழுதப்பட்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று இந்தக் கோட்டை கை மாறியது. கணக்கெழுதும் சொற்களும் உடன் மாறின. தாலுகா, தாசில்தார், கிஸ்தி, ஜமாபந்தி, ஜப்தி, மகஜர், வக்கீல் எல்லாம் பாரசீக ஆட்சிமொழி வழியாக வந்தவை. பலவற்றுக்கு வேர் அரபு. ராஜினாமா என்றால் முதலில் சம்மதப் பத்திரம்; இன்று மந்திரிகள் செய்வது. ஆங்கிலேயர் இந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வசூல் நிற்காமல் நடக்க வேண்டுமே.

இவற்றில் நம் கழுத்தில் ஏறி உட்கார்ந்த சொல் மிராசு. அரபியில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் வாரிசுச் சொத்து. அது வருவதற்கு முன்பே இங்கே காணியாட்சி என்ற சொல் இருந்தது. செஞ்சிப் பக்கம் இன்றும் நிலத்தைக் காணிக் கணக்கில்தான் பேசுகிறோம். 1816இல் எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு விடை எழுதினார். கல்வெட்டும் ஓலையும் காட்டி, அது பழைய பரம்பரை உரிமை என்று நிறுவினார். நல்ல தமிழறிஞர்தான். ஆனால் சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்த உரிமையில் பங்கு உண்டா என்பது அரசாங்கம் கேட்ட கேள்வி அல்ல.

நமக்குக் கிடைத்த சொல் எது? புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாகப் போனது என்பது அதன் நேர்ப்பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர் ஊராக, வரி விதிக்காமல் கழித்த நிலங்களை வரிசையாகச் சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு. அதே வரிசையில் பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் குடியிருந்த இடம் கணக்கில் கழிவு. இன்று அந்தச் சொல்லையே ஆளைத் திட்டப் பயன்படுத்துகிறார்கள். சேரி என்ற சொல்லுக்கும் இதே கதிதான். உத்தரமேரூர்ப் பிராமண சபைக் கல்வெட்டில் அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கே பெயர் சேரி. அவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள், நம் மேல் ஒட்டிக்கொண்டது.

சரி, தரிசையாவது கேட்கலாம் அல்லவா? கேட்பதற்குப் பெயர் தர்காஸ்து. விண்ணப்பம் என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஆனால் தரிசுக்கு முதல் உரிமை மிராசுதாருக்கும் பட்டாதாருக்கும். சேரி ஆள் மனுப் போட்டால் அவர்கள் குறுக்கே வந்து நிலத்தை எழுதிக்கொள்ளலாம். எதிர்த்துப் பேசியவனைக் குடியிருப்பிலிருந்தே விரட்டலாம், ஏனென்றால் சேரிநத்தமும் தங்கள் மிராசு என்றார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது. கூலியும் கடனும் மட்டுமல்ல, நிலச் சட்டத்தின் சொற்களே ஒருவனை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு அது சாட்சி.

அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். பஞ்சமர், அதாவது நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாமவர், என்ற இழிபெயரிலிருந்து வந்தது. அலுவலகத்தில் அது டி.சி. நிலம், நிபந்தனைப் பட்டா. நிபந்தனை என்ன? பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. வாங்கிய பிறர் பெயரில் எத்தனை பத்திரம் இருந்தாலும் இந்த ஒற்றை நிபந்தனை அதை முறிக்கும். இழிபெயரில் வந்தாலும் நம் கையில் உள்ள வலுவான சட்டச் சொல் இதுதான். 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டது இந்தச் சொல்லின் மேல்தான்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கிராமத்து ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் டி.சி. என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய நகலில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். 1980களில் யு.டி.ஆர். என்னும் நிலப் பதிவு மேம்பாடு நடந்தது. அதற்கு முந்தைய பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். பழைய தாள்களில் ஆங்கில ஆண்டு இருக்காது, பசலி இருக்கும். அதுவும் அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜூலை முதல் தேதி பசலி பிறக்கிறது. அந்த ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் வரும். அரசாணை வந்த 1892 செப்டம்பர், பசலி 1302. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.