அக்காரமும் அமணரும்

தேன் விலக்கல் சாவகர்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும். ஆதலின் ஆரணிப் பகுதிச் சமண இல்லங்களில் விழாக்கால இனிப்புக்கு வெல்லமும் சர்க்கரையுமே அடிப்படை.

வெல்லப்பாகைப் பதம் பார்த்து இறக்கி, சூடாக இருக்கும்போதே கிளறினால் மணல் மணலாக உறையும். பெயரின் மூலமும் இதுவே. வடமொழியில் 'சர்க்கரா' என்பதன் முதற்பொருள் பரற்கல். ஏழு நரகங்களுள் இரண்டாவதைத் தத்துவார்த்த சூத்திரம் 'சர்க்கராப் பிரபை' என்பது அப்பொருளில்தான்; அங்கு இனிமை ஏதுமில்லை.

அச்சொல் பிராகிருதத்தில் 'சக்கரா' ஆயிற்று. தமிழில் முதலிலுள்ள சகரமெய் கெட்டு 'அக்காரம்' ஆயிற்று. 'சமணர்' என்பது 'அமணர்' ஆனதும் இவ்வாறே. பொன்னூர் மலையோடு மரபால் இணைக்கப்படும் குந்தகுந்தர் நூல் யாத்ததும் பிராகிருதத்திலேயே. நம் பெயரும் நாம் உண்ணும் இனிப்பின் பெயரும் அம்மொழி வழி வந்தவை.

'கண்டம்' என்றால் துண்டு. அதுவே தமிழில் 'கற்கண்டு'; பாரசீகத்தில் 'கந்த்'; அரபு, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'கேண்டி'.

கடையில் கேண்டி கேட்கும் சிறாரிடம், அச்சொல் இந்நாட்டிலிருந்து புறப்பட்டதே எனச் சொல்வோம். உறையில் தேன் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கவும் பழக்குவோம். சொல் ஊர் சுற்றி வரலாம்; விரதம் வீட்டில் நிலைக்க வேண்டும்.