திருமுக்கூடல் ஆதுலசாலையும் முதுமையின் நீரடைப்பும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழர் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையின் ஒழுங்கை அது விவரிக்கிறது. படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், மருந்தூட்டும் பெண்டிர் இருவர். இரவு எரியும் விளக்குக்கு எண்ணெயும் ஒதுக்கப்பட்டிருந்தது. நம்மை நிறுத்தி வைப்பது அவ்விளக்கே. நோயாளியின் இரவையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்!

முதுமையில் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதும் பெரும்பாலும் இரவின் துன்பமே. நான்கைந்து முறை எழுந்தவருக்கு உறக்கம் ஏது? நீர் முற்றிலும் அடைபட்டால் என்ன செய்வதென்பதை, அச்சாலைக்கு அரை நூற்றாண்டு முன்னரே குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) (மறைவு 1013) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதிவிட்டார்: வழவழப்பான மெல்லிய வெள்ளிக் குழாயை உட்செலுத்தி நீரை வெளியேற்றுவது. அது உயிரைக் காத்தது. நோயுடன் வாழும் நாள்களை அளக்கும் கோல் பிற்காலத்தில்தான் வந்தது.

1992-இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோலை வகுத்தனர். மொத்த மதிப்பெண் 35. பின்னர் அதனோடு எட்டாவது கேள்வி சேர்ந்தது: இந்நிலையிலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பதானால் உமக்கு எப்படியிருக்கும்? 1995-இல் வெளியான ஆய்வொன்று 556 ஆடவரை இரு பிரிவாக்கி, சிறுநீர்ப்பாதை வழியே அறுவை செய்வதையும், செய்யாது கண்காணிப்பதையும் ஒப்பிட்டது. அறுவையால் அதிகம் பயனடைந்தோர், தம் நிலையால் அதிகம் தொல்லையுற்றிருந்தோரே. ஆண்மைக் குறைவோ, நீரை அடக்க இயலாமையோ அறுவையால் கூடவில்லை. எனினும், அறுவைக்குப் பின் விந்து பின்னோக்கிப் பைக்குள் செல்வது பலருக்கு நேர்வதே. அதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவர் கடன். தசையைத் தளர்த்தும் மாத்திரை சில நாள்களிலேயே சுகம் தரும். எழுந்து நிற்கையில் சிலருக்குத் தலை சுற்றும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைக்கோ மாதங்கள் ஆகும்.

நம் மஹல்லாக்களில் இந்நோய் வாய்திறந்து பேசப்படுவதில்லை. பள்ளிக்கு வருவதை ஒருவர் குறைத்துக்கொண்டால் சோம்பல் என்கிறோம். சொட்டுச் சொட்டாய் நீர் கசிபவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ வேண்டும். ஹனஃபீயில் ஒரு வக்துக்கு ஒரு உளூ போதும். இச்சலுகையை ஓதிக்கொடுக்கும் நாம், அதனுடன் சேர்ந்த மற்றொரு செய்தியை விட்டுவிடுகிறோம். வஹீயை எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் இத்தொல்லை வந்தது. இயன்றவரை மருத்துவம் செய்துகொண்டார்கள். அதனையும் மீறியபோதுதான் உளூச் செய்து அப்படியே தொழுதார்கள். மருத்துவம் முன்னே, சலுகை பின்னே என்னும் இவ்வரிசையையும் மாணவர்களுக்குச் சேர்த்தே நாம் ஓதிக்கொடுத்திருக்க வேண்டும்.